கொறடா அறையில் தலை எண்ணுவது எப்படி

நாற்பது பக்கக் கோடு போட்ட நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு, அழிரப்பர் ஒன்று. கொறடா அறைக்கு வேலைக்குப் போகிறவர் முதல் நாள் கையில் வைத்திருக்க வேண்டியது இவ்வளவுதான். பேனா வேண்டாம். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

என் தங்கை மகன் போன மாதம் ஒரு சட்டமன்றக் கட்சி அலுவலகத்தில் உதவியாளனாகச் சேர்ந்தான். எம்.பி.ஏ. படித்தவன். சேர்ந்த மூன்றாம் நாள் ராத்திரி பத்தரைக்குப் போன். "மாமா, என்னைக் கொறடா ரூம்ல போட்டுட்டாங்க. லிஸ்ட் எடுன்னாங்க. எக்செல்ல அழகாப் போட்டுக் குடுத்தேன். சார் பாத்துட்டுச் சிரிக்கிறாரு." எனக்கும் சிரிப்பு வந்தது. அவன் போட்டது தொகுதி, பெயர், கட்சி, செல் நம்பர். அது டைரியிலேயே அச்சடித்து வருகிறது. கொறடா கேட்ட லிஸ்ட் வேறு: ஓட்டெடுப்பில் யார் எந்தப் பக்கம் என்பது. அந்த லிஸ்டை எப்படி எடுப்பது என்று அவனுக்குப் போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். இந்த வேலைக்கு வருகிற மற்றத் தம்பி தங்கைகளுக்கும் உதவட்டும்.

நான் அந்த அறையில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். எந்தக் கட்சி என்று கேட்க வேண்டாம். ஆளும் வரிசைக்கும் எண்ணியிருக்கிறேன், எதிர் வரிசைக்கும் எண்ணியிருக்கிறேன்.

வெளியில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கொறடா என்றால் சாட்டை. தெலுங்கிலும் அந்தச் சொல்லுக்கு அதே பொருள்தான். ஓட்டெடுப்பு நாளில் தன் கட்சிக்காரர்களை அவையில் கொண்டுவந்து உட்கார வைப்பதும், எந்தப் பக்கம் ஓட்டு என்று உத்தரவு போடுவதும் கொறடாவின் பொறுப்பு. சாட்டை அவர் கையில். மாடு எந்தக் காட்டில் மேய்கிறது என்று தேடிப் பிடித்து ஓட்டிக்கொண்டு வருவது நம் வேலை.

எத்தனை வேண்டும்?

118 என்று கோட்டைக்கு எதிரே டீ ஆற்றுகிறவரும் சொல்வார். 234ல் பாதி 117, கூட ஒன்று. முழு அவையும் வந்து உட்கார்ந்தால் வருகிற கணக்கு அது. அரசமைப்புச் சட்டத்தின் 189ஆவது பிரிவு சொல்வது என்னவென்றால், அன்றைக்கு வந்து ஓட்டும் போட்டவர்களில் பெரும்பான்மை. பேரவைத் தலைவர் முதலில் ஓட்டுப் போட மாட்டார். இரண்டு பக்கமும் சமமாக நின்றால்தான் அவருக்கு ஓட்டு. ஆகவே நம் கட்சி ஆள் அந்த நாற்காலியில் இருந்தால் நம் கணக்கில் ஒன்றைக் கழித்துக்கொள்ள வேண்டும். புதிதாக வருகிறவர்கள் இதை மறந்துவிட்டு ஒன்று கூடுதலாக எழுதுவார்கள். நானும் எழுதித் திட்டு வாங்கியிருக்கிறேன்.

2017 பிப்ரவரி 18ஐ எடுத்துக்கொள்ளுங்கள். எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்குக் கோரிய நாள். ரகசிய ஓட்டெடுப்புக் கேட்டு அமளி, தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றம், காங்கிரசும் முஸ்லிம் லீக்கும் வெளிநடப்பு. கடைசியில் ஆதரவு 122, எதிர்ப்பு 11. ஓட்டுப் போட்டவர்கள் 133 பேர்தான் என்பதால் அந்த நிமிஷத்துக்கு 67 இருந்தாலே ஜெயம். ஆனால் அன்று காலை யாராவது 67ஐ நம்பிப் படியேறியிருப்பார்களா? எதிர்த்தரப்பு உள்ளே இருக்குமா, எழுந்து போகுமா என்பது நம் கையில் இல்லை. அதனால் எப்போதும் முழு அவைக்கு எண்ணுங்கள். அதற்கு மேல் நாலு தலை உபரி வையுங்கள். ஒருவருக்கு நெஞ்சு வலி, ஒருவருக்கு மாமனார் மரணம், ஒருவர் டிராபிக்கில், ஒருவர் மனசு மாறி. இந்த நாலும் ஒரே நாளில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு தலைதானே என்று நினைப்பவர்களுக்கு 1999 ஏப்ரல் 17 இருக்கிறது. அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்ட பிறகு வாஜ்பாய் அரசு மக்களவையில் 269க்கு 270 என்று விழுந்தது. ஒடிசா முதல்வராகப் போய்விட்ட கிரிதர் கமாங் தன் எம்.பி. பதவியை விடாமல் வைத்திருந்து டில்லிக்கு வந்து ஓட்டுப் போட்டார். அந்தப் பெயரைத் தன் நோட்டில் யார் எழுதி வைத்திருந்தார், யார் எழுதவில்லை என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. "அவர்தான் முதலமைச்சர் ஆயிட்டாரே" என்று யாரோ ஒரு உதவியாளர் கோடு போட்டு அடித்திருப்பார்.

தினசரி அவையில் இந்தத் தலைவலி கிடையாது. பெரும்பாலும் குரல் ஓட்டுதான். கோரம், அதாவது அவை நடக்கக் குறைந்தது எத்தனை பேர் உள்ளே இருக்க வேண்டும் என்ற கணக்கு, அதை மட்டும் கவனித்தால் போதும்: பத்தில் ஒரு பங்கு, நம் அவைக்கு 24. மானியக் கோரிக்கை நாட்களில் பதிலுரை நீளும்போது இருக்கைகள் காலியாகி லாபி நிறையும். அப்போது கேண்டீன் பக்கம் ஒரு கண் வைத்திருங்கள், அவ்வளவுதான்.

நோட்டில் என்ன எழுதுவது

பக்கத்துக்குப் பத்துப் பெயர். பெயருக்கு எதிரே "ஆதரவு", "எதிர்ப்பு" என்று எழுதக் கூடாது. இதைத்தான் எல்லாரும் முதலில் எழுதுவார்கள். எழுத வேண்டியது அந்தத் தகவல் யார் வாயிலிருந்து வந்தது என்பது. என் நோட்டில் மூன்று கட்டம் இருக்கும்: அவர் சொன்னது, பி.ஏ. சொன்னது, டிரைவர் சொன்னது. நாலாவது கட்டம் சின்னது, ஆள் இப்போது எங்கே. மூன்று வாயும் ஒன்றையே சொன்னால் அந்தப் பெயரைப் பற்றிக் கவலையில்லை. எம்.எல்.ஏ. ஒன்று சொல்லி டிரைவர் வேறொன்று சொன்னால் நான் டிரைவர் பக்கம்.

ஒரு உதாரணம். தெற்கே இருந்து ஒரு உறுப்பினர். மறுநாள் காலை ஓட்டு. ராத்திரி எட்டரைக்குப் பேசினேன். "செங்கல்பட்டு தாண்டிட்டேண்ணே, ஒரு மணி நேரத்துல ஹாஸ்டல்ல இருப்பேன்" என்றார். நல்ல குரல், தயக்கமே இல்லை. ஆனால் அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு கண்டக்டர் "நத்தம், நத்தம், நத்தம்" என்று கூவிக்கொண்டிருந்தார். செங்கல்பட்டில் நத்தம் பஸ்ஸுக்கு ஏது வேலை? டிரைவரைத் தனியாகப் பிடித்தேன். "அண்ணே, திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல நிக்கிறோம். ஐயா யாருக்கோ வெயிட் பண்றாரு." அந்த யாருக்கோ யார் என்பதுதான் அன்று ராத்திரி முழுக்க எங்களுக்கு வேலை. விசாரித்தால் விஷயம் சப்பென்று முடிந்தது. ஒன்றியச் செயலாளர் நியமனத்தில் இவர் சொன்ன ஆளைப் போடவில்லை. மாவட்டச் செயலாளர் தன்னை வந்து பார்த்துச் சமாதானம் சொல்லாமல் சென்னைக்கு வண்டி ஏறுவதில்லை என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மா.செ. பன்னிரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தார். விடிந்து எட்டு மணிக்கு ஆள் ஹாஸ்டலில் குளித்துக்கொண்டிருந்தார்.

தொண்ணூறு சதவீதம் இப்படித்தான். வெளியில் இருப்பவர்கள் பெட்டி, பணம் என்று நினைக்கிறார்கள். அது இல்லை என்று சொல்ல நான் யார்? ஆனால் என் நோட்டில் கேள்விக்குறி விழுந்த பெயர்களுக்குப் பின்னால் நான் கண்டது திறப்பு விழா அழைப்பிதழில் பெயர் கீழே போனது, கேட்ட தாசில்தார் மாற்றல் வராதது, கேள்வி நேரத்தில் துணைக் கேள்வி கேட்க வாய்ப்பே கிடைக்காதது. இதையெல்லாம் ஓட்டுக்கு முந்தின வாரம் சரிசெய்ய முடியாது. ஆறு மாதத்துக்கு முன்பே காதில் விழுந்திருக்க வேண்டும், கொறடாவிடம் சொல்லியிருக்க வேண்டும். பணப் பை எங்கே இருக்கிறதோ அந்த அறைக்குள் போகவே போகாதீர்கள். முன்பு அவைக்குள் போடும் ஓட்டுக்குப் பணம் வாங்கினாலும் உறுப்பினர் சிறப்புரிமை காப்பாற்றும் என்று 1998இல் ஒரு தீர்ப்பு இருந்தது. 2024 மார்ச் 4ஆம் தேதி சீதா சோரன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். உறுப்பினருக்கே பாதுகாப்பு இல்லை, கூடப் போன பி.ஏ.வுக்கு எங்கிருந்து வரும்?

பதிலைப் படிக்கத் தெரிய வேண்டும். "தலைமை சொன்னாச் சரிண்ணே" என்றால் ஆதரவு. "பார்த்துக்கலாம்ணே" என்றால் இல்லை என்று எழுதுங்கள். தமிழில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. "என் ஓட்டு எங்க போயிடப் போகுது" என்பவருக்கு ஏதோ வேண்டும், கேட்கக் கூச்சப்படுகிறார், நீங்களாகவே கேளுங்கள். "என்னையே சந்தேகப்படுறீங்களா?" என்று கோபப்படுகிறவர்களில் பாதிப் பேர் உண்மையிலேயே மனம் நொந்தவர்கள். மீதிப் பாதிக்கு ராத்திரியே வீட்டு வாசலில் ஆள் போட வேண்டும். எது எந்தப் பாதி என்று சொல்லித் தர என்னால் முடியாது. போனை எடுக்காதவர் மட்டும் பயப்பட வேண்டியவர் இல்லை, பெரும்பாலும் தூங்குகிறார்.

போனைவிட நம்பகமானது ரயில். தெற்கத்திக்காரர்கள் நெல்லை, பாண்டியன் பிடித்து எழும்பூரில் இறங்குவார்கள். கோவைக்காரர்கள் சேரனில் சென்ட்ரலுக்கு வருவார்கள். ஓட்டுக்கு முந்தின நாள் மாலை யார் எந்த வண்டியில், எந்தப் பெட்டியில் என்று பி.ஏ.க்களிடம் வாங்கிக்கொண்டு, விடிகாலையில் இரண்டு ஸ்டேஷனுக்கும் ஆளுக்கொரு வண்டி அனுப்பிவிட்டால் பாதித் தலை எண்ணிய மாதிரி. கொறடாவின் வண்டி வந்து நிற்கிறது என்றால் எம்.எல்.ஏ.வுக்கு மரியாதை. நமக்குக் காவல். வண்டி ஒன்றுதான், இரண்டு வேலை.

மற்றக் கட்சிப் பி.ஏ.க்களோடு சண்டை போடாதீர்கள். ஓமந்தூரார் தோட்டத்து எம்.எல்.ஏ. ஹாஸ்டலில் எதிர்க்கட்சி உதவியாளர் ஒருவரும் நானும் பல வருஷம் ஒரே கடையில் டிபன் சாப்பிட்டோம். அவருடைய தலைவரும் என்னுடைய தலைவரும் அவையில் ஒருவரை ஒருவர் முகம் பார்க்க மாட்டார்கள். நாங்கள் இட்லிக்குச் சாம்பார் போதவில்லை என்று ஒன்றாகச் சத்தம் போடுவோம். அவர் என்னிடம் ரகசியம் எதையும் சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. ஆனால் ஒருநாள் அவர் சாப்பிடாமல் எழுந்து போனார். அவர்கள் பக்கத்தில் ஏதோ ஆட்டம் கண்டிருக்கிறது என்று அந்தத் தட்டில் மிஞ்சிய இட்லியை வைத்தே கொறடாவிடம் சொன்னேன்.

உத்தரவைக் கையில் கொடுப்பது

கொறடா உத்தரவு என்பது ஒரு பக்கத் தாள். அதை அடிப்பது ஐந்து நிமிஷ வேலை. ஒவ்வொருவர் கையிலும் சேர்த்துக் கையெழுத்து வாங்குவது இரண்டு நாள் வேலை. கையெழுத்தில்லாத உத்தரவு பின்னால் விசாரணைக்கு வந்தால் "எனக்குக் கிடைக்கவே இல்லை" என்ற ஒரே வரியில் செத்துப்போகும். ஆகவே நகலில் தேதி, மணி, கையெழுத்து. ஆள் இல்லையென்றால் வீட்டுக் கதவில் ஒட்டி, ஒட்டியதைப் படம் எடுத்து, வாட்ஸ்அப்பிலும் அனுப்பி, அந்த நீல டிக்கையும் படம் எடுத்து வையுங்கள்.

1985இல் அரசமைப்புச் சட்டத்தின் 52ஆவது திருத்தத்தில் வந்த பத்தாவது அட்டவணை, அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம்தான் நமக்கு வேதம். கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும், போடாமல் இருந்தாலும் பதவி போகும்; முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டாலோ போகாது. மூன்றில் ஒரு பங்கு பிரிந்தால் தப்பலாம் என்றிருந்த ஓட்டையை 2003இல் அடைத்துவிட்டார்கள். இப்போது மூன்றில் இரண்டு பங்குபேர் இன்னொரு கட்சியோடு இணைந்தால்தான் உண்டு.

சட்டத்தை மனப்பாடம் செய்யுங்கள், ஆனால் அதை வைத்து யாரையும் மிரட்டாதீர்கள். தீர்ப்புச் சொல்வது முதலில் பேரவைத் தலைவர். 2017 பிப்ரவரியில் அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்ட 11 பேரின் பதவி கடைசிவரை போகவே இல்லை. அதே வருஷம் முதலமைச்சரை மாற்றச் சொல்லி ஆளுநரிடம் கடிதம் கொடுத்த 18 பேர் செப்டம்பர் 18ஆம் தேதி தகுதி நீக்கம் ஆனார்கள். அவர்கள் அவைக்குள் எதிர்த்து ஓட்டே போடவில்லை. ஹாஸ்டலில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு பழைய உறுப்பினர் சொல்வார்: "தம்பி, சட்டம் புத்தகத்துல இருக்கு. புத்தகம் யார் மேசையில இருக்குன்னு பாரு." மிரட்டினால் அவரும் ஒரு வக்கீலிடம் போய் இதையே கேட்டுத் தெரிந்துகொண்டு வருவார். அதற்குப் பிறகு உங்கள் போனை எடுக்க மாட்டார்.

சீட்டில் ஓட்டு என்றால்

அவையில் எழுந்து நின்று எண்ணுவது எளிது. மாநிலங்களவைத் தேர்தலும் குடியரசுத் தலைவர் தேர்தலும்தான் உதவியாளரின் உயிரை எடுக்கும். அங்கே சீட்டு, பேனா, எண், மடிப்பு என்று எல்லாமே தவறு செய்ய வாய்ப்பு.

மாநிலங்களவைக்குத் திறந்த ஓட்டு. 2003இல் கொண்டுவந்தார்கள்; 2006இல் குல்தீப் நய்யார் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. கட்சி உறுப்பினர் ஓட்டை எழுதி, பெட்டியில் போடுவதற்கு முன் தன் கட்சியின் முகவரிடம் காட்ட வேண்டும். வேறு யாரிடமும் காட்டக் கூடாது. காட்டாமல் போட்டாலும் செல்லாது. சுயேச்சை என்றால் யாருக்குமே காட்டக் கூடாது. ஆனால் கட்சி மாற்றி ஓட்டுப் போட்டால் அதற்காக மட்டும் பத்தாவது அட்டவணை பாயாது. அவரைக் கட்சியை விட்டு நீக்கலாம், பதவி போகாது. இந்த வித்தியாசம் உறுப்பினர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கணக்கு இப்படி. ஒரு ஓட்டுக்கு 100 மதிப்பு. செல்லும் ஓட்டுகளை 100ஆல் பெருக்கி, இடங்களோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுத்து, வந்ததோடு ஒன்று சேர்த்தால் ஒருவர் ஜெயிக்க வேண்டிய அளவு. தமிழ்நாட்டில் ஆறு இடம், 234 பேரும் போட்டால் 23400ஐ 7ஆல் வகுத்து 3342, கூட ஒன்று 3343. அதாவது 34 தலை.

இதை ஏன் விரலில் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு 2017 ஆகஸ்டில் நடந்த குஜராத் தேர்தலைப் பாருங்கள். மூன்று இடம், ஓட்டுப் போட்டவர்கள் 176. 17600ஐ 4ஆல் வகுத்தால் 4400, கூட ஒன்று 4401. 44 ஓட்டு வைத்திருப்பவருக்கு 4400தான். ஒரே ஒரு புள்ளி குறைவு, 45 வேண்டும். காங்கிரஸ் உறுப்பினர்கள் இரண்டு பேர் சீட்டைத் தங்கள் முகவர் அல்லாதவருக்கும் காட்டிவிட்டார்கள். காங்கிரஸ் தேர்தல் ஆணையத்திடம் போனது. ராத்திரி வெகு நேரம் இழுத்து, அந்த இரண்டு ஓட்டையும் ஆணையம் செல்லாது என்றது. 174 ஆனதும் 17400ஐ 4ஆல் வகுத்து 4350, கூட ஒன்று 4351. இப்போது 44 போதும். காங்கிரஸ் வேட்பாளர் அகமது படேல் வாங்கியது 44. எதிராகப் போன இரண்டு ஓட்டு கழிந்ததில் தேவையான அளவே இறங்கிவந்தது. அன்றைக்கு அந்த இரண்டு சீட்டு எந்தப் பக்கம் திரும்பியது என்று கவனித்த கண்ணுக்கு நான் இன்றும் கும்பிடு போடுவேன்.

இன்னொரு பக்கமும் உண்டு. அளவு வராமலும் ஜெயிக்கலாம். 2013 ஜூனில் நம் கோட்டையில் நடந்த மாநிலங்களவைத் தேர்தலில் கனிமொழிக்குக் கிடைத்தது 31, தே.மு.தி.க. வேட்பாளருக்கு 22. 34 இல்லை என்று யாரும் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. கீழே இருப்பவர் கழிந்தால் மிஞ்சியவருக்கு இடம். ஆகவே நம்மிடம் அளவு இல்லையே என்று கையைப் பிசைவதைவிட, எதிரே இருப்பவரிடம் எத்தனை என்று எண்ணுங்கள். சமமாக வந்தால் சீட்டுக் குலுக்கல். 2024 பிப்ரவரியில் இமாச்சலத்தில் 34க்கு 34 வந்து, குலுக்கலில் காங்கிரசின் அபிஷேக் மனு சிங்வி தோற்றார். அங்கே நம் நோட்டுக்கு வேலையில்லை.

செல்லாத ஓட்டுதான் என் கெட்ட கனவு. எண் 1 என்று எழுத வேண்டும். "ஒன்று" என்று எழுத்தில் எழுதினால் செல்லாது, டிக் போட்டால் செல்லாது, இரண்டு பேருக்கு 1 போட்டால் செல்லாது, கையெழுத்துப் போட்டால் செல்லாது. தேர்தல் அதிகாரி கொடுக்கும் ஊதாப் பேனாவால்தான் எழுத வேண்டும். 2016இல் ஹரியானாவில் வேறு பேனா மையால் பத்துக்கு மேற்பட்ட ஓட்டுகள் செல்லாமல் போய், ஜெயிப்பார் என்று எல்லாரும் நினைத்தவர் தோற்றார். எனவே முந்தின நாள் ஒத்திகை கட்டாயம். சீட்டு மாதிரியே தாள் அடித்து, ஊதா ஸ்கெட்ச் பேனா கட்டி வைத்து, ஒவ்வொருவரையும் எழுத வையுங்கள்.

நான் நடத்திய முதல் ஒத்திகையில் முப்பத்துச் சொச்சம் பேரில் நாலு பேர் தப்பு. ஒருவர் டிக். ஒருவர் வேட்பாளர் பெயருக்கு எதிரே 1 போட்டுப் பக்கத்தில் வட்டமும் போட்டார், "தெளிவாத் தெரியட்டும்னு". ஒருவர் சீட்டின் மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் ஆரம்பித்தார். நாற்பது வருஷப் பழக்கம், கை தானாகப் போகிறது. நாலாமவர் எழுதிய 1, ஏழு மாதிரி இருந்தது. பிள்ளையார் சுழிக்காரரைப் பக்கத்து அறைக்குக் கூட்டிப்போய் இருபது தாளில் எழுத வைத்தேன். பத்தொன்பதாவது தாள் வரை சுழி வந்தது. மறுநாள் அவர் வரிசையில் நிற்கும்போது நான் வாசலில் நின்று சுழிக்காகப் பிள்ளையாரையே வேண்டிக்கொண்டேன். சரியாகப் போட்டுவிட்டார்.

இவர்கள் படிக்காதவர்கள் என்று சிரிக்காதீர்கள். 2022 குடியரசுத் தலைவர் தேர்தலில் செல்லாத ஓட்டு 53. அதில் 15 எம்.பி.க்களுடையது. அந்தத் தேர்தலில் எம்.பி.க்குப் பச்சைச் சீட்டு, எம்.எல்.ஏ.வுக்கு இளஞ்சிவப்புச் சீட்டு. நம் எம்.எல்.ஏ. ஒருவர் ஓட்டின் மதிப்பு 176. பிள்ளையார் சுழி போட்டால் 176ம் போச்சு. அது ரகசிய ஓட்டு, கொறடா உத்தரவும் போடக் கூடாது. "ஒத்திகை" என்ற பெயரில் வடையும் காபியும் கொடுத்து உட்கார வைப்பதுதான் அங்கே நம்மால் முடிந்தது.

அடைத்து வைப்பது

2017இல் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூரை எல்லாரும் பார்த்தீர்கள். பேருந்தில் ஏற்றி, கடலோரத்தில் இறக்கி, வாசலில் ஆள் போடுவது. என் கருத்தில், எண்ணிக்கை தெரியாதபோதுதான் அடைக்கத் தோன்றும். யார் எந்தப் பக்கம் என்று நோட்டில் தெளிவாக இருந்தால் நாலு பேரைப் பார்த்துக்கொண்டால் போதும், நூறு பேருக்கு ரூம் போட வேண்டாம். ஆனால் மேலிடம் முடிவு செய்துவிட்டால் நம்மால் மறுக்க முடியாது. அப்போது ஒன்றே ஒன்று கவனியுங்கள்: மாத்திரை. யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இன்சுலின் பிரிட்ஜில் வைக்க வேண்டும், யாருக்கு ராத்திரி பிரஷர் மாத்திரை. மூன்றாம் நாள் ஒருவர் மயங்கி விழுந்தால் ஓட்டும் போகும், பெயரும் போகும். என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எப்போதும் மாத்திரைப் பட்டியல் இருக்கும். அதற்காகவே இரண்டு பேர் என்னை ஆயுளுக்கும் மறக்கவில்லை.

பென்சில் எதற்கு

இப்போது பேனா விஷயம். ஒரு சமயம் மேலே ஒரு பெரியவர் என்னைக் கூப்பிட்டு நம்பர் கேட்டார். நான் எண்ணியிருந்ததைவிட நாலு தலை குறைவாகச் சொன்னேன், உபரி நாலு. "இன்னொருத்தர் உன்னைவிட ஒன்பது கூடச் சொல்றாரே" என்றார். அந்த இன்னொருவர் எப்படி எண்ணினார் என்று எனக்குத் தெரியும். கீழே பி.ஏ. ஒன்று கூட்டுவார், மா.செ. ஒன்று கூட்டுவார், அவருக்கு மேலே இருப்பவர் தன் பங்குக்கு இரண்டு. கெட்ட செய்தியைச் சொல்ல யாருக்கும் மனம் வராது. நம்பர் படி ஏற ஏற வளரும். "உன் நம்பரை இங்கே பேனாவுல எழுதிக் குடு" என்றார் பெரியவர். என்னிடம் பென்சில்தான் இருந்தது. "ஐயா, நாளைக் காலை ஏழு மணிக்குத்தான் மையால எழுதுவேன். அதுவரைக்கும் இது மாறும்" என்றேன். கோபப்பட்டார். ராத்திரி பன்னிரண்டுக்கு அதில் இரண்டு பெயரை அழித்து எழுதினேன், மூன்றரைக்கு ஒன்றைத் திரும்பச் சேர்த்தேன். காலை ஏழு மணிக்கு எழுதிக்கொடுத்ததற்கும் அவையில் எண்ணியதற்கும் வித்தியாசம் ஒன்று. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஓட்டெடுப்புக்கு முந்தின நாள் என்னை மட்டும் கூப்பிட்டார்.

ஆசைப்படும் நம்பரை அவர் வாயால் சொல்லட்டும். உங்கள் வாயால் சொல்லாதீர்கள். அவர் முகம் மாறினாலும் பரவாயில்லை.

ஓட்டு முடிந்ததும் நோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். யார் எப்போது தடுமாறினார் என்பது அதில் இருக்கிறது. ஜெயித்த பிறகு தடுமாறியவரும் நம் ஆள்தான், அவரைப் பற்றிய அந்தத் தாள் இனிமேல் தேவையில்லை. நான் ஒவ்வொரு முறையும் கிழித்து ஹாஸ்டல் பின்பக்கம் கொளுத்திவிடுவேன். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் கிழித்து வைத்திருக்கிறேன். அதில் பெயர் எதுவும் இல்லை, டிரைவர்கள் நம்பர்தான், பதினேழு. பாதி நம்பர் இப்போது வேலை செய்யாது. திண்டுக்கல்லில் நின்ற டிரைவர் மட்டும் பொங்கலுக்குப் பொங்கல் கூப்பிடுகிறார். இந்த வருஷமும் கூப்பிட்டார். "அண்ணே, எங்க இருக்கீங்க?" என்று கேட்டேன். "செங்கல்பட்டு தாண்டிட்டேண்ணே" என்றார்.